இடது அக்குளில் கடைநூல்

செத்தவன் உடுப்பு செத்தவனோடு போக வேண்டும். அக்கலுவின் தோலங்கியும் அவனோடு பிணத்தை மூடும் கற்குவியலுக்குள் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் வடகோடிப் பனிக்கடலோரமான உப்பர்நாவிக் பக்கம் அந்த வருடம் கடல்நாயே சிக்கவில்லை. புது அங்கிக்குத் தோலுக்கு எங்கே போவது? அண்ணன் மிதெக் தம்பியின் உடம்பிலிருந்து அங்கியைக் கழற்றி, தானே மாட்டிக்கொண்டு கயாக் என்னும் ஒற்றையாள் தோல்படகில் வேட்டைக்குப் போனான்.

முதல் நாளே திரும்பி வந்து மனைவியிடம் சொன்னான்:

"இவாலு, இடது அக்குள்ல யாரோ ஈரக்கைய வெச்ச மாதிரி இருக்குடி. அக்கலுதான்."

அந்த அங்கியைத் தைத்தவளே இவாலுதான். மான் நரம்பால் தைத்தால், தண்ணீர் பட்டதும் நரம்பு ஊதி ஊசித்துளையை அடைத்துவிடும். இடது அக்குளில் கடைசி ஒரு சாணுக்கு நரம்பு தீர்ந்துபோனது. யாருக்குத் தெரியப்போகிறது என்று கடையில் வாங்கிய சாதா நூலை ஓட்டி, மேலே கொழுப்பைத் தடவிவிட்டாள். கயாக் கவிழ்ந்தபோது நிமிர்த்த அக்கலுவுக்குக் கை வரவில்லை. உள்ளே நனைந்து விறைத்துப்போயிருந்தான்.

இப்போது நரம்பு கேட்டுப் பக்கத்து வீட்டில் நின்றால் எதற்கு என்பார்கள். சொன்னால் கொலைகாரி, சொல்லாவிட்டால் விதவை. பாழாய்ப்போன வாய் இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவன் அங்கியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. அது அக்கலு கை இல்ல. நரம்பு தீந்துபோச்சுன்னு கடைநூல்ல தச்சுட்டேன். உங்க தம்பிய நான்தான் கொன்னுட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும்டி. அன்னிக்குக் கடல்லயே அக்கலு சொன்னான். 'அண்ணி தையல் ஒழுகுதுண்ணே. ஊரு சிரிக்கும், வாயத் தொறந்துடாத'ன்னு சிரிச்சான். திரும்பிடலாம்டான்னு ஒரு வார்த்தை சொன்னேனா பாவி? எதிர்ல கடல்நாய் தல தெரிஞ்சுது. அதான் இப்ப என் மேல கைய வெக்கிறான். வெக்கட்டும்னுதான் மாட்டிக்கிட்டுப் போறேன்."

இவாலு பக்கத்து வீட்டுக்குப் போனாள். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னாள். கிடைத்த நரம்பால் அந்த ஒரு சாணையும் பிரித்துத் தைத்தாள்.

மறுநாள் மிதெக் நல்ல அலையில் போய்த் திரும்பினான். கரையிலேயே அவள் அங்கிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சொட்டு ஈரமில்லை. அவன் உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. இடது அக்குளில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, சில்லிட்டிருந்தது.

கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இடம் சூடேறும் வரை அப்படியே வைத்திருந்தாள்.