இருநூற்றைம்பது வயது வீடுகள்

ராயபுரம் செபமாலைத் தெருவில் பொய்க்கு வரி போட்டிருந்தால், கார்ப்பரேஷன் இன்னொரு துறைமுகமே கட்டியிருக்கும். மாதா தேர் முதலில் நிற்பது தெருவிலேயே பழைய வீட்டின் வாசலில் என்பது வழக்கம். அதனால் திருவிழாவுக்குத் திருவிழா வீடுகளுக்குப் பத்து வயது கூடிக்கொண்டே போனது.

வியாகுலம்மாளின் வீட்டை அவள் மாமனார் கட்டியது 1923இல். எதிர்வீட்டு இருதயம்மாள் வீடும் அதே வருடம், அதே கொத்தனார். இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்வதாயில்லை.

1968இல் மழை விட்ட ஒரு காலை, கார்ப்பரேஷன் அதிகாரி ஒருவர் நோட்டும் கையுமாக வந்தார்.

"வீட்டுக்கு வயசு என்னம்மா?"

"இருநூறு கீது சார்," என்று வியாகுலம்மாள் நிமிர்ந்தாள். "டச்சுக்காரன் கப்பல்ல எறக்குன கல்லு."

எதிர்வாசலில் இருதயம்மாள் துடைப்பத்தைப் போட்டாள். "இன்னா டூப்பு உடுறா பாரு நைனா. எங்க வூடு இருநூத்தி இருபது. அத்தப் பாத்துதான் இத்தக் கட்னாங்க."

"எங்குளுது இருநூத்தம்பது, எழுதிக்க சார்."

"எங்குளுதும் அதே போடு. ஒரு நாள் கொறஞ்சாலும் பேஜாராயிடும்."

அவர் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுமாதம் நோட்டீசு வந்தது. யானைக்கவுனியில் மழைக்கு ஒரு வீடு சரிந்து ஆறு பேர் செத்திருந்தார்கள். நூறு வயது தாண்டிய வீடுகளை இடிக்க உத்தரவு. பதினைந்து நாள் கெடு.

பன்னிரண்டு வருடமாக நேருக்கு நேர் பேசாத இருவரும் ஒரே ரிக்ஷாவில் ஆபீசுக்குப் போனார்கள். பத்திரங்கள் எப்போதோ புயல் தண்ணீரில் கரைந்துவிட்டன.

"நாப்பத்தஞ்சு வயசுதான் சார் ஆவுது. மாதா மேல சத்தியம்."

குமாஸ்தா சிரித்தார். "பொம்பளைங்க தன் வயசைக் குறைப்பாங்க, கேட்டிருக்கேன். வீட்டுக்குமாம்மா?"

இடிக்க வந்தவர்கள் வியாகுலம்மாள் வீட்டில் தொடங்கினார்கள்; ஒரு நாள் வேலை என்றார்கள். நான்கு நாளாயிற்று. கடப்பாரைகள் கொக்கியாய் வளைந்தன; சத்தத்தில் காசிமேட்டு மீனெல்லாம் எண்ணூருக்கு ஓடியிருக்கும். தட்டுமுட்டுச் சாமான்களை வியாசர்பாடித் தங்கையின் ஒற்றை அறைக்கு அனுப்பிவிட்டு, வியாகுலம்மாள் நான்கு நாளும் எதிரே நின்றாள். தண்ணீர் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கடைசிச் சுவர் விழுந்தபோது மேஸ்திரி வியர்வையைத் துடைத்தான்.

"இன்னா கட்டடம்மா இது. யாரு கட்னது?"

"எங்க மாமனாரு," என்றாள் வியாகுலம்மாள்.