கிண்ணத்தின் அடியில் ஒரு மூக்கு

ஏதென்ஸ் நகரத்துக் குயவர் பேட்டையில் அந்தெமியோன் என்றொரு வாலிபன் இருந்தான். அழகன் என்றால் அப்படியோர் அழகன். அவன் தெருவில் நடந்தால் கோயில் சிலைகள் திரும்பிப் பார்க்கும்; இரண்டு சிலைகளுக்குக் கழுத்துச் சுளுக்கே பிடித்துக்கொண்டது. மதுக் கிண்ணங்களில் ஊர் அழகனின் பெயரை எழுதி விற்பது அந்தப் பேட்டையின் வழக்கம். 'அந்தெமியோன் அழகன்' என்று எழுதாத கிண்ணத்தை நாய்கூட நக்காது. ஊரில் பாதிப் பேர் எழுத்துக் கற்றதே அந்த இரண்டு சொல்லில்தான்.

அந்த இரண்டு சொல்லையும் நாளைக்கு நாற்பது முறை எழுதியவள் ஆர்க்கிப்பே. அண்ணன் சோசியாஸ் கிண்ணம் வனைவான், தங்கை தூரிகை பிடிப்பாள். எழுதி எழுதியே அவளுக்கு அவன்மேல் பித்தாகிவிட்டது. கட்டினால் அவனைத்தான் என்று முடிவு செய்தாள். அவள் முடிவு செய்துவிட்டால் ஒலிம்பஸ் மலைதான் நகர்ந்து வழிவிட வேண்டும், அவள் நகரமாட்டாள்.

அந்த ஊர் வழக்கப்படி, ஆசைப்பட்டவன்மேல் பெண் ஆப்பிளை எறிவாள். அவன் பிடித்துவிட்டால் சம்மதம். ஆர்க்கிப்பே சந்தையிலேயே சிவப்பான ஆப்பிளைப் பொறுக்கியெடுத்து, குறி பார்த்து எறிந்தாள். அந்த நொடி பார்த்து அந்தெமியோன் குனிந்தான். எண்ணெய்ச் சாடியில் அவன் முகம் தெரிந்ததாம்! ஆப்பிள் அவன் தலைக்கு மேலே பறந்து, பின்னால் நின்ற மீன்காரன் குரோபிலோஸின் கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

குரோபிலோஸுக்கு வயது அறுபது, பல் இரண்டு. இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு அன்று மாலையே சோசியாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், பிடிச்சுட்டேன்ல? தேதியைக் குறி."

"யோவ், உன் மேல எறியலய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ஆர்க்கிப்பே.

"யார் மேலன்னு ஆப்பிள்ல எழுதியா இருக்கு, கண்ணு? காதல் தேவியா பார்த்துக் கொடுத்தது. வேணாம்னு சொல்ல நான் யாரு?"

சோசியாஸ் தலையைச் சொறிந்தான். "வழக்கம்னா வழக்கம்தான், ஆர்க்கி. பௌர்ணமி வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குள்ள அந்த அழகன் வாயால 'கட்டிக்கிறேன்'னு சொல்ல வை. இல்லேன்னா மீன்காரன்தான்."

"பௌர்ணமி எதுக்கு? அதுக்கு முன்னாலேயே சொல்ல வைக்கிறேன் பாரு."

தன் முகம் தெரிகிற இடத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காதவன் அவன். சரி, அவன் பார்க்கிற இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொள்வோம் என்று தீர்மானித்தாள். ஒரு கிண்ணத்தின் உள்ளே, அடியில், தன் முகத்தை எழுதினாள். நடுவில் மேடு தட்டிய மூக்கையும் உள்ளது உள்ளபடியே எழுதினாள். சுட்டு எடுத்து, காணிக்கை என்று சொல்லி அவன் வீட்டுக்கு அனுப்பினாள்.

அந்தெமியோன் தண்ணீர் கலந்த மதுவை அதில் ஊற்றிக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. ஒரு நாள் ஆயிற்று, ஒன்பது நாள் ஆயிற்று. சோறு இல்லை, தூக்கம் இல்லை. மது வற்ற வற்ற வேலைக்காரி ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் தோளில் சிலந்தி வலை பின்னி, பிள்ளை குட்டி பெற்று, பேரன் எடுத்துவிட்டது.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் ஆர்க்கிப்பே நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஏன்யா, சாப்பிடறதே இல்லையாமே?"

"உஷ்! மூச்சு பட்டா முகம் கலங்குது. இத்தனை வருஷமா வெண்கலக் கண்ணாடியெல்லாம் என்னை ஏமாத்திடுச்சு. நான் இவ்வளவு லட்சணமா!"

"அது நான்."

"நீ யாரு?" அப்போதும் அவன் தலையைத் தூக்கவில்லை.

ஆர்க்கிப்பே கிண்ணத்தைப் பிடுங்கி மதுவைத் தரையில் கொட்டினாள். முகம் அங்கேயே இருந்தது. அவன் இடப்பக்கம் சாய்ந்தான், அது சாயவில்லை. கண்ணடித்தான், அது அடிக்கவில்லை.

"ஐயோ, என் முகத்தைத் திருடிட்டாளே!"

"உன் முகம் கழுத்துக்கு மேலதான் இருக்கு. தொட்டுப் பாரு."

இரண்டு கையாலும் தடவிப் பார்த்துச் சமாதானமானான். பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முதல் தடவையாக! அவள் நெஞ்சு அடித்த அடியில் மூன்றாவது வீட்டுப் பானைகள் கடகடவென்று ஆடின. அவன் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆடு வாங்குகிறவன் பல்லை எண்ணுகிற மாதிரி பார்த்தான்.

"நீதானா அது? பரவாயில்லை, கட்டிக்கிறேன். ஆனா ஒண்ணு, அந்த மூக்கை மட்டும் மாத்தி எழுதிடு. என்னுது மாதிரி நேரா இருக்கணும். அப்பதான் தினம் பார்க்க நல்லா இருக்கும். நீ நேர்ல அடிக்கடி வரணும்னு இல்லை."

கேட்க வந்த சொல் கிடைத்துவிட்டது. தூரிகை இடுப்பிலேயே இருந்தது. ஒரு இழுப்பு வேலை. மறுத்தால் நாளைக்கு அந்த இரண்டு பல். ஆர்க்கிப்பே கிண்ணத்துக்குள் பார்த்தாள். அந்த மூக்கை அவள் கை தூக்காமல் எழுதியிருந்தாள். இதுவரை அவள் இழுத்த கோடுகளிலேயே நல்ல கோடு அதுதான்.

"மாத்த மாட்டேன்."

"என்னது?" பிறந்ததிலிருந்து அவன் காதில் விழாத சொல் அது. "நான்தான் கட்டிக்கிறேன்னு சொல்றேனே!"

"நீ கட்டிக்கப் போறது உன்னைத்தான். நடுவுல நான் எதுக்கு, சாட்சிக்கா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவுக்கு வந்ததும் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கால் மட்டும் நிற்கவேயில்லை.

வீட்டில் சோசியாஸ் காத்திருந்தான். "சொன்னானா?"

"சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."

"அடிப் பாவி! அப்ப மீன்காரனா?"

"அவனும் வேணாம்."

"வழக்கம்டீ!"

"எறிஞ்ச கை என்னோடது, அண்ணே. உன் கிண்ணத்துல எல்லாம் எழுதறதும் இதே கைதான். இதை மீன் செதில் சுரண்ட அனுப்பறதா இருந்தா, நாளையிலேர்ந்து கிண்ணத்துல நீயே எழுதிக்க."

சோசியாஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். முன்பொரு முறை அவன் குதிரை எழுதி, வாங்கியவர் நண்டு உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

"அந்த ஆளுகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?" என்றான் பரிதாபமாக.

"தங்கச்சிக்குக் குறி பார்க்கத் தெரியலைன்னு சொல்லு."

அவன் காலை இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கினான். திருப்பம் வரை போனவனை ஆர்க்கிப்பே கூப்பிட்டு நிறுத்தினாள்.

"போறதுதான் போற, நாலு மத்தி மீன் வாங்கிட்டு வா. அவன் கடையில வேணாம். பக்கத்துக் கடையில."