ஊதல் இருந்த டப்பா

தம்பியின் சிநேகிதன் சேட்டிலைட் போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்காவின் இரண்டு கையிலும் மெழுகு. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற கூடம் அது. அங்கே பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். பக்கத்து மேசைப் பெண் இந்தத் தொல்லை தாங்காமல் போனை எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல விமானத் திடல இடிக்கிறாங்க. குடோன் வரப்போகுதாம். அவன் வச்ச டப்பா அங்கதான் கிடக்கு. வாங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"அந்தக் கண்றாவிய நீயே எடுத்துக்க."

"உங்க தம்பி கடைசியா வச்ச டப்பாக்கா. நான் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

கடைசி என்ற சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. தம்பி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு வலி. ஓரமாக நிறுத்தி, சாவியைக்கூடத் திருப்பி எடுத்துவிட்டு, அப்படியே சாய்ந்துவிட்டான். அப்போது அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன் என்றாள்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பல் செட்டுக்கு. அம்மாவுக்கு மேல்வரிசை முழுவதும் கொட்டியபோது அக்காதான் தன் கையால் செய்து கொடுத்தாள். அம்மாவின் முன்பல் ஒன்று பிறவியிலேயே லேசாகத் திரும்பியிருக்கும். அதையும் அதே கோணலில் மெழுகில் நிறுத்தினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நேரா வைக்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். அம்மா மட்டும் கண்ணாடியைப் பார்த்து, "அட, நான்தான்!" என்றாள். அக்கா ஆயிரம் வாய்க்குப் பல் கட்டியிருப்பாள், அப்படி ஒரு பேர் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது பையையும் கண்ணாடியையும் பல் செட்டையும் தம்பிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். மற்றதெல்லாம் கொடுத்தான், அதை மட்டும் கொடுக்கவில்லை. "செஞ்சது நீயா இருக்கலாம், அம்மா சிரிப்பு எனக்கும் வேணும்ல" என்றான். இவள், "நீ ஒரு நாளாவது அதக் கழுவி வச்சிருப்பியா?" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், பழைய கணக்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துக்க வீட்டில் உட்கார்ந்து இரண்டு கழுதை வயசுக்காரர்கள் பல் செட்டுக்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவனே போன் செய்தான். "அம்மாவ டப்பால போட்டு விமானத் திடல்ல ஒளிச்சு வச்சிருக்கேன். நம்பர் அனுப்புறேன். விளையாட்டுலயும் போட்டுட்டேன், ஊரே தேட வரும். சீக்கிரம் போய் எடுத்துக்க." அவனுக்கு எதுவுமே விளையாட்டுதான். ஜியோகேஷிங் என்று ஒரு பைத்தியம் அவனையும் சேட்டிலைட்டையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்து, அந்த இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்ணை நெட்டில் போடுவான். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு அலைந்து கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரெழுதிவிட்டு வருவார்கள். எங்கே இருந்தது என்று வெளியே மூச்சு விட மாட்டார்கள். அது அந்த விளையாட்டின் மரியாதையாம்.

அக்கா ஒரு வாரம் வீம்பு பிடித்துவிட்டுப் போனாள். எண் காட்டிய இடத்தில், பார்வையாளர் படிக்கட்டின் அடியில், ஒரு செங்கல்லுக்குப் பின்னால் டப்பா இருந்தது. திறந்தாள். ஒரு தாள், ஒரு பிளாஸ்டிக் ஊதல். அம்மாவின் பல்லைக் கேட்டு வந்தவளுக்கு ஊதல்! டப்பாவை அங்கேயே திரும்பச் சொருகிவிட்டு நடந்தாள். அன்று சாயங்காலம் அவன் போன் செய்து, "எடுத்துக்கிட்டியாக்கா?" என்று கேட்டபோது, "எடுத்துக்கிட்டேன்டா. ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சொன்னபடி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வெளியே வந்தபோது, சேட்டிலைட் வாசலில் வண்டியோடு நின்றான். வீடு வீடாக டிஷ் மாட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர். வழியெல்லாம் அவன்தான் பேசினான்.

ஒரு காலத்தில் அந்தத் திடலில் வருஷா வருஷம் விமானங்கள் குட்டிக்கரணம் போடும். ஒரு வருஷம் ஒன்று போட்ட கரணத்திலிருந்து எழவே இல்லை. அத்தோடு சரி, திடலை மூடிவிட்டார்கள். இப்போது ஓடுபாதை வெடிப்பெல்லாம் புல். படிக்கட்டில் வரிசை எண்கள் பாதி அழிந்து கிடந்தன. மேகம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல், வெயிலும் இல்லாமல், பார்க்கவே மனசு கனத்தது. மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் சக்கரத்தோரம் படுத்தபடி, "சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க, மேஸ்திரி வந்தா என்னத் திட்டுவாரு" என்றார்.

சேட்டிலைட் நேராகப் படிக்கட்டடிக்குப் போய்ச் செங்கல்லை உருவினான்.

"தொறக்காத. உள்ள ஊதல்தான இருக்கு?" என்றாள் அக்கா.

அவன் கை அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வந்து பாத்தேனே. அம்மா பல் செட்ட வச்சிருக்கேன்னு வரச்சொல்லிட்டு ஊதல வச்சு ஏமாத்தினான் உன் சிநேகிதன். செத்தவனத் திட்டக் கூடாதுன்னு பாக்குறேன்."

சேட்டிலைட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். "அக்கா, இது அவன் டப்பா இல்ல. நான் வச்சது. ஊதலும் என்னுதுதான்."

"என்ன உளர்ற?"

"அவன் நெட்டுல போட்ட அன்னைக்கே ஓடி வந்தேன். முதல்ல எடுக்குற ஆள் நானாத்தான் இருக்கணும்னு ஒரு வெறி எனக்கு. சாயங்காலம் வரைக்கும் தேடினேன், கிடைக்கல. கிடைக்கலன்னு நெட்டுல எழுத மானம் இடங்குடுக்கல. சரி, எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் போலன்னு பையில இருந்த டப்பாவ இங்க சொருகிட்டு, கண்டுபிடிச்சேன்னு எழுதிட்டேன். பின்னால வந்தவன் எல்லாம் இதத்தான் எடுத்திருக்கான். உள்ள இருந்தத தொடலையேன்னு உங்க தம்பி கேட்டான். சே, தொடுவேனான்னு சொல்லிட்டேன். உள்ள என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுக்கா. அவன் ஞாபகமா உங்ககிட்ட இதையாவது குடுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

அக்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப அவன் வச்சது?"

"தெரியல. இந்த நம்பர் பத்தடி இப்படி அப்படிக் காட்டும். இங்க எங்கயோதான் இருக்கணும்."

"எங்கெல்லாம் தேடின?"

"கல்லடியில, படியடியில, புல்லுக்குள்ள…"

"அட மக்கு! செருப்பு வாரப் போடவே குனியாத சோம்பேறி அவன். வீட்டுல எதையாவது ஒளிச்சா நின்னபடி கை எட்டுற இடத்துலதான் ஒளிப்பான். இத்தன வருஷம் கூடச் சுத்தினியே, இது தெரியாதா உனக்கு?"

சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வேலிக்காக நட்ட இரும்புக் குழாய்கள், தோள் உயரம், ஒவ்வொன்றும் முழங்கை புகுகிற அகலம். கம்பியெல்லாம் எப்போதோ திருடு போயிருந்தது. எல்லாக் குழாய்க்கும் தலையில் துருப்பிடித்த மூடி. அக்கா ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு மூடி லேசாகச் சுழன்று கையோடு வந்தது. அதன் அடியில் கம்பியில் கட்டி ஒரு டப்பா தொங்கியது.

தாள் வெள்ளையாக இருந்தது, ஒரு பெயர்கூட இல்லை. அதற்கடியில் அவனுடைய நீலக் கைக்குட்டை. பிரித்தாள். மேல்வரிசை. திரும்பிய முன்பல். பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தான், இடுக்கில் ஒரு கறை இல்லை.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இயந்திர ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அம்மாவுக்கு அழுதாளா, தம்பிக்கு அழுதாளா, பிரிக்க முடியவில்லை. ஊதலைப் பார்த்த அன்றைக்கே, "என்னடா இது?" என்று அவனை நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும். அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பான். திட்டுவதற்குக்கூடக் கஞ்சத்தனம் பிடித்து, எடுத்துக்கொண்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"என்ன அடிங்கக்கா" என்றான் சேட்டிலைட். "நான் மட்டும் அந்த டப்பாவ வைக்காம இருந்திருந்தா…"

"போடா. உன்ன அடிச்சு என்ன ஆகப் போகுது? எடுத்துக்கிட்டேன்னு நானும்தான் அவன்கிட்டப் பொய் சொன்னேன்." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "அதுக்கப்புறம் அவன் ஒரு தடவகூட எனக்குப் போன் பண்ணலையே. அவ்வளவு கோவமா எம்மேல?"

சேட்டிலைட் மூடியை எடுத்துக் குழாயில் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா. உன்கிட்ட எல்லாம் சொல்லுவானே."

"கோவமே இல்லக்கா. அக்கா சந்தோஷம்னு சொல்லிடுச்சு, இனிமே சரியாயிடும், நாமளா கூப்பிட்டா முறுக்கிக்கும், அதுவா கூப்பிடட்டும்னு சொல்லிட்டே இருப்பான். நீங்க கூப்பிட்டா உடனே தெரியணும்னு உங்க நம்பருக்கு மட்டும் தனியா ஒரு பாட்டு வேற போட்டு வச்சிருந்தான்."

"என்ன பாட்டு?"

"தெரியலக்கா. நாங்க யாரும் அதக் கேட்டதே இல்ல."