நண்டு வாத்தியார் பெயர் வைத்த ஓடு

1.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் என் தங்கை. நனைந்த ஸ்கூபா உடையைக் கொடியில் போட்டபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "இதை மட்டும் எழுதிடாதக்கா" என்றாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "கடலுக்கடியில் நீல வெளிச்சம் பட்டுத்துணியைப் போல—" வேண்டாம். அந்தப் பட்டுத்துணியை என் முந்தைய நாவலின் கல்யாண அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று அவளுக்குக் கணவன்மேல் கோபம்." இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2.

கணவன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். விடுமுறை நாட்களில் இருவரும் கடலுக்குள் இறங்குவார்கள். மற்றவர்கள் பெரிய மீன்களைத் துரத்திப் படம் எடுக்கும்போது அவர் பாறை இடுக்கில் தலையை நுழைத்து நண்டுகளை மட்டும் எடுப்பார். படகில் அவருக்குப் பெயரே நண்டு வாத்தியார்.

(நண்டைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி சாப்பாட்டு மேசையில் நடக்கும். படத்தைப் பெரிதாக்கி, ஓட்டின் விளிம்பில் முள் எத்தனை, கொடுக்கின் நுனி கறுப்பா வெளுப்பா என்று பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, பிறகுதான் நோட்டில் பெயர் ஏறும். அதுவரை அறுபத்து மூன்று பெயர்கள் ஏறியிருந்தன.)

அன்று முதல் முறை இறங்கி ஏறியதும் அவள் படகில் எல்லாரிடமும் சொன்னாள்: "கடல் சாமந்திக்குள்ள ஒரு குட்டி நண்டு பார்த்தேன். அவ்வளவு அழகு."

"அது நண்டே இல்லம்மா" என்றார் கணவர். "நடக்குற காலை எண்ணினியா? மூணு ஜோடிதான் இருந்திருக்கும். நண்டுன்னா நாலு. எத்தனை வருஷமா சொல்றேன்?"

"அண்ணி, இன்னிக்கு உங்களுக்கு முட்டை மார்க்" என்றார் படகோட்டி.

படகே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

இரண்டாவது முறை இறங்கியபோது பாறை மேல் ஒரு நண்டு. வெளிறிப்போய், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. அவர் இரண்டு கைகளையும் கொடுக்கு மாதிரி ஆட்டி அவளைக் கூப்பிட்டார். நேர் எதிரே மிதந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டு, படம்மேல் படமாக எடுத்தார். அவள் மறுபக்கமாக வந்தாள். பின்னாலிருந்து பார்த்தபோது நண்டின் பின்புறம் பிளந்து கிடந்தது. உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

வளர்கிற நண்டு பழைய ஓட்டைப் பின்பக்கமாகத் திறந்துகொண்டு, பின்னோக்கி நடந்து வெளியேறிவிடும். கால், கொடுக்கு, கண்ணின் மேல்மூடி எல்லாம் அப்படியே நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் முழு நண்டு.

அவள் மணிக்கட்டில் எழுது பலகை தொங்கியது. 'காலி ஓடு' என்று இரண்டு சொல் எழுதினால் போதும்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் விரல்களை வளையமாக்கி 'சரி' என்று காட்டினாள்.

3.

புத்தகத்தில் அந்த நிறத்தில் நண்டு இல்லை. மூன்று நாள் தேடினார். நண்டு ஆர்வலர்களின் குழுவுக்குப் படத்தோடு ஒரு குறிப்பு எழுதினார்: "இதுவரை பதிவாகாத வெளிர் வகையாக இருக்கலாம். மிகத் துணிச்சலானது. கையை அருகில் கொண்டுபோனபோதும் அசையவில்லை. என்னை நேராகப் பார்த்தது." அனுப்புவதற்குமுன் போனை அவளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. 'துணிச்சல்'ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாருங்க."

(இந்த எழுத்துத் திருத்தத்தை மூன்று வரைவுகளில் எடுத்துவிட்டேன். நான்காவதில் திரும்ப வைத்திருக்கிறேன்.)

பத்து நிமிடத்தில் ஒருவர் பதில் போட்டார்: "சார், அந்த நண்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. நீங்க பேட்டி எடுத்தது கதவை." அதன்கீழ் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

அவர் எல்லாவற்றையும் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏம்மா, பின்பக்கம் நீதானே இருந்தே? ஒண்ணும் தெரியலையா உனக்கு?"

"கலங்கலா இருந்துச்சுங்க."

இரண்டு வருடமாக அவர் கடலில் இறங்கவில்லை. நோட்டு அறுபத்து மூன்றோடு நிற்கிறது.

4.

இந்த மனைவியை என்னால் நல்லவளாக்க முடியவில்லை. பதினோரு நாவல்களில் எத்தனை மனைவிகளை எழுதியிருக்கிறேன்! கணவன் சட்டைக்குப் பித்தான் தைக்கிற நேரத்தில் மன்னித்துவிடுவார்கள். இவளுக்காகவும் முயன்றேன். முதல் வரைவில் அவள் பிளவைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதில் பலகையை எடுத்தாள், பென்சில் நூல் அறுந்து—

பென்சில் அறுந்துபோகவில்லை. தண்ணீரும் கலங்கலாக இல்லை.

எனக்குத் தங்கை இல்லை.

5.

சில முடிவுகள்:

அ) அவள் சொல்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இருவரும் கடலுக்குப் போகிறார்கள். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கும்தான்.)

ஆ) அவருக்கு அன்றே தெரியும், அவள் முகம் வாடக் கூடாதென்று இத்தனை நாள் பேசாமல் இருந்தார். இதை எழுதி முடித்தபோது கண் கலங்கியது. பிறகுதான் புரிந்தது: மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு வாங்குகிற வழி இது. அடித்துவிட்டேன்.

இ) அவள் சொல்லவே இல்லை. இது முடிவல்ல. இரண்டு வருடமாக நடந்துகொண்டிருப்பது.

6.

அவர் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். என் கதைகளை முதலில் படிப்பவரும் பத்திரிகைக்கு அனுப்பி வைப்பவரும் அவர்தான். கொஞ்சம் முன்னால் குரல் கொடுத்தார்.

"முடிஞ்சுதாம்மா? கொடு, படிக்கிறேன்."

"இன்னும் முடிவு எழுதலைங்க."

"அதுக்கென்ன, நானே சொல்லிடறேன். உன் கதையில கடைசியில எல்லாரும் சேர்ந்துருவாங்க. எனக்குத் தெரியாதா?"

இந்தத் தாள்களை இப்படியே கொண்டுபோய் அவர் மேசையில் வைக்கப்போகிறேன். கடைசித் தாளில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவர் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். இதற்குக் கீழே ஏதாவது எழுதியிருந்தால், அது அவர் எழுதியது.