பனிக்கடலில் விழுந்த வீடு

வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமியின் வீடு கடலில் விழுந்துவிட்டது. அதுவும் பக்கத்துக் கடல் இல்லை, உலகத்தின் உச்சந்தலையில் இருக்கும் பனிக்கடல்.

ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் கொடுத்த வேலை சின்னதுதான். வீட்டு வாசலில் நின்று, அப்பாவோ அம்மாவோ போனில் காட்டும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அட்சரேகையை ஒரு பெட்டியிலும் தீர்க்கரேகையை அடுத்த பெட்டியிலும் தட்டினால், சுவரில் தெரியும் வரைபடத்தில் அவரவர் வீடு சிவப்புப் புள்ளியாக உட்காரும். எல்லார் வீடும் ஒழுங்காக உட்கார்ந்தது. உள்ளங்கையில் எழுதி வந்த புதுச் சிறுமி மட்டும் பெட்டி மாற்றித் தட்டிவிட்டாள்; அவள் புள்ளி பனிக்கடலில் போய் விழுந்தது.

“இவ வீட்டுக்குப் போகணும்னா கம்பளி வேணும்டா,” என்றான் ரேடியோ. வாய் ஓயாதவன் என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். வந்த நாளிலிருந்து யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை.

“எனக்கு இது வேணாம் டீச்சர்,” என்று உள்ளங்கையைச் சீருடையில் தேய்த்தாள்.

டீச்சர் யோசித்தாள். இன்றைக்கு விட்டால் இவள் இனி வாயே திறக்க மாட்டாள். எண்ணைத் திருத்துவது ஒரு நொடி வேலை. ஆனால் சிரித்தது சிரித்ததுதானே?

“எல்லாரும் ரெண்டு நம்பரையும் மாத்திப் போடுங்க,” என்றாள் டீச்சர். “அவ வீட்டுக்குப் போயிட்டு வருவோம்.”

முதலில் போனது ரேடியோதான். பிறகு ஒவ்வொரு வீடாகப் பனிக்கடலுக்குக் குடிபோனது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, கொஞ்சம் நீண்டு, ஊரே அங்கே வந்து இறங்கியது. சாலை இல்லை, கடைப்பெயர் இல்லை, பஸ் ஸ்டாப் இல்லை. வெறும் நீலமும் புள்ளிகளும்தான்.

கடைசிப் புள்ளியும் விழுந்தது. புள்ளிகள் ஒரு வளையமாக நின்றன. நடுவில் ஒரு வீடுகூட இல்லை.

“நடுவுல என்ன இருக்கு?” என்று கேட்டாள் டீச்சர்.

“ஏரி,” என்றாள் புதுச் சிறுமி மெதுவாக. “எங்க வீட்டுக்குப் பின்னாடி.”

“ஏரி எங்க வீட்டுக்குப் பின்னாடிதானே இருக்கு,” என்றான் ரேடியோ.

“எங்க வீட்டுக்குப் பின்னாடியும் இருக்கே,” என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. கோரைப்புல் மண்டி எதிர்க்கரையை மறைத்திருந்ததால், அவரவர் பின்சுவருக்கு அப்பால் தெரிந்த தண்ணீரை அவரவர் ஏரி என்றே நினைத்திருந்தார்கள். நிஜ ஊர் வரைபடத்திலும் அது இருந்தது. சாலை, கடைப் பெயர்களின் நெரிசலில் யார் கண்ணிலும் படவில்லை. அத்தனை வருடம் அந்த ஊரில் பாடம் நடத்திய டீச்சரும் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் இவ வீடு மட்டும்தான் டீச்சர்,” என்றான் ரேடியோ. “இவ இல்லன்னா வட்டம் மூடாது.” அவன் குரல் இவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

டீச்சர் புதுச் சிறுமியைத் தன் பக்கம் அழைத்தாள். “உன் வீட்டைத் திருப்பிக் கொண்டுவந்துடலாமா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் டீச்சர். எல்லாரும் இப்பதானே வந்தாங்க.”