பன்னிரண்டு மணி வரை எதிர்ப்பில்லை

காலை எட்டரையிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து பார்ப்பான், ஒன்றும் வந்திருக்காது. ஒன்றும் வராமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியது. அப்படியும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

"கொஞ்சம் உட்காருங்களேன். பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பறை வேலை அவளுக்கு; இன்று பிற்பகல் ஷிப்ட். அவனிடம் உருப்படியாக இருந்த ஒரே முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். சின்ன மருந்துக் கடைகள் சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது, யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். ஏழெட்டு ஊர்களில் உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல், வீட்டில் திட்டு மட்டும் வாங்கிக்கொண்டு சிலர் எழுதுவது. எந்நேரமும் இணையத்திலேயே கிடப்பதால் குழுவில் இவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் மென்பொருளைப் பிரபலப்படுத்தச் சொல்லி ஒரு தொகையை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. ஒருவர் டி-ஷர்ட் என்றார், ஒருவர் விளம்பரப் படம் என்றார், ஒருவர் ஸ்டிக்கர் என்றார். ஸ்டிக்கர் ஒட்டி யார் உருப்பட்டார்கள்? கடைசியில் வாட்ச்மேன் ஒரு தீர்மானம் போட்டான்: மொத்தப் பணத்தையும் செலவழித்துப் பெரிய கண்காட்சியில் ஸ்டால் போடுவோம், மூன்று நாளும் நானே போய் நிற்கிறேன்.

குழுவின் விதி எளிது. மூன்று நாளுக்குள் ஒரே ஓர் ஆள் 'எதிர்க்கிறேன்' என்று எழுதினால் போதும், தீர்மானம் விழுந்துவிடும். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது. கெடு இன்று பன்னிரண்டு மணி.

தீர்மானத்தில் அவன் எழுதாத சங்கதி ஒன்று உண்டு. வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. பெரிய நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் அந்தக் கண்காட்சிக்கு வருவார்கள். விண்ணப்பம் அனுப்பினால் கண்டுகொள்ளாதவர்கள், நேரில் நின்று பேசினால் கேட்பார்கள் அல்லவா? ஊர்ப் பணத்தில் நம் காரியமா என்று உள்ளே உறுத்தியது. அதனால்தான் இந்த நடை.

"கண்காட்சிக்கு எப்பப் போறார்னு அக்கா கேட்டா. பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்னேன்" என்றாள் அவள்.

பத்தேகாலுக்கு மடிக்கணினி 'டிங்' என்றது. ஓடிப்போய்ப் பார்த்தான். தீர்மானத்துக்குக் கீழே, ஏதோ ஊரில் மருந்துக் கடை நடத்தும் ஓர் அம்மா எழுதியிருந்தார்.

'வணக்கம். ஸ்டால் போடப் போவது அறிந்து மகிழ்ச்சி. போன மாதம் புதுப்பித்ததிலிருந்து உங்கள் மென்பொருள் காலாவதியான மருந்தை நல்லது என்று காட்டுகிறது. நான்கு முறை எழுதினேன், பதில் இல்லை. இப்போது ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் கையால் புரட்டிப் பார்த்துத்தான் விற்கிறேன். ஸ்டாலில் ஆள் இருப்பீர்களா? இருந்தால் அங்கே வந்தாவது சொல்லிவிடுகிறேன்.'

'எதிர்க்கிறேன்' என்ற சொல் இல்லை. விதிப்படி இது கணக்கில் வராது. முதலில் அவனுக்கு வந்தது நிம்மதிதான், வெட்கங்கெட்ட நிம்மதி.

பிறகு புகார்ப் பெட்டியைத் திறந்தான். நன்கொடைச் சண்டையும் தீர்மானமுமாக இருந்த மும்முரத்தில் ஒரு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. படிக்காத கடிதங்கள் அறுபத்தொன்று. பத்தொன்பதில் இதே புகார். காலாவதித் தேதி பார்க்கும் பகுதியை எழுதிய நண்பனுக்குப் போன் போட்டான்.

"தீர்மானமா? எந்தத் தீர்மானம்?" என்றான் நண்பன். பின்னணியில் கைக்குழந்தை வீறிட்டது. "இவ பொறந்ததுலேர்ந்து நான் அந்தப் பக்கம் எட்டியே பாக்கலடா. நீ இருக்கியே, நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன்."

இன்னும் இரண்டு பேருக்குப் போட்டான். அவர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். மூன்று நாளாக அவன் சம்மதம் என்று நினைத்து மகிழ்ந்தது, ஆளில்லாத வீட்டின் அமைதி.

இஸ்திரி போட்ட சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. அதைப் பார்க்காமல் உட்கார்ந்தான். பதினொன்று ஐம்பதுக்கு, தன் தீர்மானத்துக்குக் கீழேயே, 'எதிர்க்கிறேன்' என்று எழுதினான். அடுத்து இன்னொரு தீர்மானம்: இந்தப் பணத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்போம். வருகிற புகாருக்கெல்லாம் அவர் பதில் சொல்லட்டும். பதில் கிடைத்த கடைக்காரர் பக்கத்துக் கடையில் சொல்வார், அதுதான் விளம்பரம். கொஞ்சம் யோசித்து, 'அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது' என்பதையும் சேர்த்தான்.

"மணி பன்னெண்டாச்சு. நிறைவேறிடுச்சா?"

"இல்ல. ஒருத்தர் எதிர்த்துட்டார்."

"எந்தப் படுபாவி?"

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். படித்தாள். மேலே போய்க் கடைக்கார அம்மா எழுதியதையும் படித்தாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. நான்கு மாதமாக ஒற்றைச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறவள். ஏமாற்றம் இல்லாமல் இருக்குமா? சட்டையை எடுத்து ஹேங்கரில் மாட்டி, பீரோவுக்குள் வைத்து, கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினாள்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"தீர்மானமெல்லாம் நல்லா எழுதறீங்க. அந்தம்மாவுக்குப் பதில் போட்டீங்களா?"

போடவில்லை.