கழுவிய லென்ஸ் டப்பா

அழுக்கைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணில் வரும் கிருமி, காதில் வரும் கிருமி, எதுவானாலும் எங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் என் மைக்ரோஸ்கோப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட என்னிடம் மேல்மாடி மின்கா தன் மகளின் கான்டாக்ட் லென்ஸ் டப்பாவை, இஸ்திரி போட்ட கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு தட்டு பனித்சா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது, இன்னும் சூடு ஆறாமல்.

பிரித்துப் பார்த்தேன். டப்பா பளபளவென்று இருந்தது.

“கழுவினியாடி?”

“கழுவாமலா? வெந்நீர்ல கொதிக்க வச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன் நெதெல்கா அக்கா. அப்படியே குடுத்தா, பொண்ண வளத்த லட்சணத்தப் பாருன்னு ஆஸ்பத்திரி பூரா பேச மாட்டாங்களா?”

“அந்த அழுக்குதாண்டி எனக்கு வேணும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவள் மகள் ரலிட்சா போன இலையுதிர் காலத்தில்தான் மினிபஸ் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மலைக் கிராமங்களுக்கு வளைந்து வளைந்து போகும் பாதை. அந்த வழியில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். இப்போது வலது கண் செக்கச்செவேலென்று, வெளிச்சம் பட்டாலே துடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கருவிழியில் மோதிரம் போல ஒரு வெள்ளை வளையம். கண் டாக்டர் டோமோவ் என்னிடம் வந்து சொன்னார்:

“வைரஸா இருக்கலாம், அமீபாவா இருக்கலாம். வைரஸ்னு நினைச்சு ஸ்டீராய்டு சேத்துக் குடுத்து, உள்ள இருக்கிறது அமீபான்னா கண்ணு போயிடும் மேடம். சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க.”

கண்ணில் சுரண்டி எடுத்ததில் ஒன்றும் வளரவில்லை. மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை அந்த டப்பா. அதைத்தான் மின்கா கொதிக்க வைத்துவிட்டாள்.

ரலிட்சாவிடமே போய்க் கேட்டேன். “லென்ஸைக் குழாய்த் தண்ணில கழுவினியா? பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல பெரியம்மா. கடையில விக்கிற மருந்துத் தண்ணிதான். நீங்கதான திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்தீங்க.”

அவள் சுத்தக்காரி. நம்பினேன். தண்ணீரில் வாழும் அமீபா ஆகாயத்திலிருந்து குதிக்காதே என்ற எரிச்சலோடு, மாலையில் காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க மேல்மாடிக்குப் போனேன்.

சமையலறை மூலையில் புனித பெத்காவின் படம், அதன் கீழே விளக்கு, பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் பாட்டில். எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். பெத்கா திருநாளன்று ஊருக்கு மேலே இருக்கும் ஊற்றில் கண் கழுவி, புதரில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, ஒரு பாட்டில் பிடித்து வருவோம். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அது வருஷம் முழுக்க நிறைந்தே இருக்கும். மின்காவின் பாட்டிலில் பாதிதான் இருந்தது.

“யாருடி இதக் குடிக்கிறது?”

மின்கா விளக்குத் திரியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“குடிக்கலக்கா. அவ ஊத்துக்கு வர மாட்டேன்னுட்டா, மூடநம்பிக்கையாம். அந்தப் பாதையில வண்டி ஓட்டுறா, கண்ணு நல்லா இருக்க வேணாமா? அதான் அவ தூங்கினப்புறம் டப்பாவுல கொஞ்சம் கொஞ்சம் விட்டேன்.”

“வலி வந்தப்புறமும்?”

“அப்பத்தானக்கா நிறைய வேணும். துணிய நனைச்சுக் கண்ணு மேல வச்சேன். ஆஸ்பத்திரிக்குக்கூட சின்ன சீசாவுல கொண்டுபோனேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை உடைத்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு லேப்புக்கு ஓடினேன்.

லேப்பின் கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு வைத்தேன். அமீபாவுக்கு பாக்டீரியாதான் தீனி. இரண்டாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புல்வெளியில் மாடு மேய்ந்துபோன தடம் போல நாலா பக்கமும் கோடுகள். கோட்டின் முனையில் அமீபா. டோமோவை வரவழைத்துக் காட்டினேன். அன்றே அமீபாவுக்கான சொட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டார். கண் தங்கும் என்றார். பார்வை எவ்வளவு தேறும் என்பது கோடையில்தான் தெரியும். மினிபஸ் இந்த வருஷம் கிடையாது.

ரலிட்சாவின் கட்டிலருகே, மின்காவும் நிற்க, டாக்டர் இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். ரலிட்சா என்னிடம் திரும்பினாள். “எதுல இருந்து வந்துச்சு பெரியம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மின்கா சொன்னாள். “நாந்தாண்டி. பெத்கா தண்ணி. உனக்குத் தெரியாம டப்பாவுல ஊத்தினேன்.”

ரலிட்சா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மின்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே போய்விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் மருந்தோடு வந்து கண்ணைத் திறக்கச் சொன்னாள்.

“மருந்தக் கீழ வைங்க சிஸ்டர்,” என்றாள் ரலிட்சா, திரும்பாமலே. “எங்கம்மா ஊத்துவா. எனக்குத் தெரியாமலே இத்தன நாள் ஊத்தினவதான. இனிமே நான் பாக்கப் பாக்க ஊத்தட்டும். மணிக்கு ஒரு தரம்.”

மின்கா கை கழுவும் தொட்டிக்குப் போனாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைக்கப் போனவள், என்னைப் பார்த்ததும் அப்படியே நிறுத்தி, காயட்டும் என்று இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளிடம் வந்தாள்.